ஓடை மணலை வறுத்தது யார்? ஜவ்வாது மலைக்கு இரண்டு பயணங்கள்

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். ஐப்பசியில் ஜவ்வாது மலை ஓடை ஒன்றில் கருமணல் எடுக்கப் போனதையும், பிறகு அந்த மணல் ஆய்வுக்கு உதவாமல் கெட்டுப்போனதையும் எழுதியிருந்தேன். அந்தப் பதிவில் பேருந்து நேரம், கட்டணம், தூரம் எல்லாமே சரி. ஒரு வரி மட்டும் பொய். "மலைவாசிப் பெண் ஒருவர் அறியாமையால் மணலைச் சட்டியில் போட்டு வறுத்துவிட்டார்" என்று எழுதியிருந்தேனே, அந்த வரி. வறுத்தது நான். அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

பொங்கல் விடுமுறையில் அதே ஓடைக்கு மறுபடியும் போய்வந்தேன். இரண்டு பயணங்களையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வழியும் இதிலேயே இருக்கிறது. வழியை மட்டும் படித்துவிட்டுப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் வாணியம்பாடியில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். சாயிரா ஆபா என் பெரியப்பா மகள். எங்கள் வீட்டில் அக்காவை ஆபா என்றும் அம்மாவை அம்மி என்றும்தான் கூப்பிடுவோம். அவர் பெங்களூரில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். ஆக்சைடு படிகங்களுக்குள் காந்தத்தன்மை எப்படி அமைந்திருக்கிறது என்பதை எக்ஸ் கதிர்களை வைத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்த சுத்தமான மேக்னடைட் படிகங்கள் அவரிடம் உண்டு. மேக்னடைட் என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கறுப்புக் கனிமம், காந்தத்தில் ஒட்டும். அதே கனிமம் ஓடைத் தண்ணீரில் பல காலம் கிடந்தால் அதன் மேல்தோலில் இரும்பு எப்படி மாறுகிறது என்று அவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஜவ்வாது மலை ஓடைகளில் மழைக்குப் பிறகு மணலின் மேல் கறுப்பாக வரிவரியாகப் படிந்திருப்பது இந்த மேக்னடைட்தான்.

முதல் பயணம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாணியம்பாடி பேருந்து நிலையத்தில் காலை 6.50க்கு ஆலங்காயம் போகும் நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுமார் பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அம்மி கட்டிக்கொடுத்த தக்காளி சாதமும் அவித்த முட்டையும் என் மடியில் இருந்தன. ஆபாவின் மடியில் அகலமான வாய் கொண்ட பிளாஸ்டிக் புட்டிகள் இருந்தன. ஆலங்காயத்தில் டீ குடித்துவிட்டு 8.05க்குக் காவலூர் வண்டி ஏறினோம். கொண்டையூசி வளைவுகள் தொடங்கியதும் குளிர்ந்து, கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிவிட்டது. அந்த மங்கலான கண்ணாடியில்தான் ஆபா விரலால் வரைந்து எனக்குப் பாடம் சொன்னார்.

எக்ஸ் கதிரின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரும்பு அதை விழுங்கத் தொடங்கும். வேறு எந்தத் தனிமமும் சரியாக அந்த இடத்தில் விழுங்காது. ஆகவே ஆயிரம் பொருள் கலந்திருந்தாலும் இரும்பை மட்டும் தனியாக விசாரிக்கலாம். அடுத்து, கதிரை வலப்பக்கம் முறுக்கி ஒரு முறையும் இடப்பக்கம் முறுக்கி ஒரு முறையும் அனுப்ப வேண்டும். காந்தமான பொருள் இரண்டையும் ஒரே அளவு விழுங்காது. அந்த வித்தியாசத்தை வரைந்தால், இரும்பு அணுக்கள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தமாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்று தெரியும்.

"மேக்னடைட்ல இரும்பு மூணு மாதிரி உக்காந்திருக்கும் நூரா. சிலது ஆறு ஆக்சிஜனுக்கு நடுவுல, சிலது நாலு ஆக்சிஜனுக்கு நடுவுல. ஆறுக்கு நடுவுல இருக்கறதுலயே ரெண்டு வகை, ஒண்ணு ரெண்டு எலக்ட்ரான் இழந்தது, இன்னொண்ணு மூணு இழந்தது. அதனால கோடு இப்படி வரும்" என்று சொல்லி, கண்ணாடியில் ஒரு பள்ளம், ஒரு மேடு, மறுபடி ஒரு பள்ளம் வரைந்தார். "இந்த முதல் பள்ளம்தான் ரெண்டு இழந்த இரும்பு. இதுதான் எனக்கு முக்கியம். காத்தும் சூடும் பட்டா முதல்ல மாறுறது இதுதான்."

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, மலையோட படமா?" என்று கேட்டார். ஆபா சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார்.

காவலூரில் இறங்கும்போது மணி 8.50. வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்கள் மரங்களுக்கு மேலே தெரிந்தன. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு நாற்பது ரூபாய். ஓட்டுநர் புட்டிகளைப் பார்த்துவிட்டு, "மண்ணு எடுக்கவா போறீங்க? தங்கம் கீதா?" என்றார். "காந்தம்" என்றேன் நான் பெருமையாக. "அத்த வெச்சு இன்னா பண்றது, தாலியா செய்யறது?" என்று அவர் சொன்னதும் வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ஆட்டோ நின்ற இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. அந்தச் சிற்றூரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் புரியும். ஓடை ஒரு பட்டா நிலத்தை ஒட்டிப் போகிறது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் மல்லிகா அக்கா. முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். சாமை விதைக்கிறார், இரண்டு புளியமரங்கள் இருக்கின்றன. ஆபா முன்பே ஒரு முறை வந்து அவரிடம் அனுமதி கேட்டுப் போயிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க மேடம், ஓடை எங்கயும் ஓடிப்போவல, மொதல்ல டீ குடிங்க" என்றார்.

பதினொரு மணிக்குள் முதல் இடத்து மணலை அள்ளிவிட்டோம். தூறல் விடவே இல்லை. ஆபா ஓடையில் இன்னும் மேலே ஏறி இரண்டாவது இடத்தில் எடுக்க வேண்டும், பாறை வழுக்கும், நான் வரக் கூடாது. ஆகவே முதல் மணலை மல்லிகா அக்கா வீட்டுக்குள் பழுப்புத் தாளில் பரப்பி வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. போகும்முன் ஆபா மல்லிகா அக்கா முன்னிலையில்தான் சொன்னார்: "காத்துல காயட்டும். காயலன்னா ஈரத்தோடவே புட்டியில போட்டுடு, ஒண்ணும் ஆகாது. சூடு மட்டும் காட்டாத."

ஒரு மணி நேரம் பார்த்தேன். மணல் காயவில்லை. எனக்கு ஒரு ஆசை இருந்தது. காந்தத்தை மணலின் மேல் காட்டினால் கறுப்பு மணிகள் மட்டும் முள்முள்ளாக எழுந்து ஒட்டும். வேறொன்றும் வராது. அதை அங்கே இருப்பவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும் என்று வீட்டிலிருந்தே காந்தம் கொண்டுவந்திருந்தேன். ஈர மணலில் எல்லாம் கட்டியாக ஒட்டிக்கொண்டு, காந்தத்தில் சேறு அப்பியதுதான் மிச்சம். ஆபா திரும்பி வரும்போது நான் பிரித்தே வைத்திருந்தால் எப்படி மகிழ்வார் என்றும் நினைத்தேன்.

அடுப்பங்கரையில் ஒரு இரும்புச் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அதைக் கேட்டேன்.

"அது புளியங்கொட்ட வறுக்கற சட்டி பாப்பா. மண்ணயா போடுவாங்க?" என்றார் மல்லிகா அக்கா.

"ஒரு தடவைதான் அக்கா. கழுவித் தந்துடறேன்."

"சட்டி போனா போவுது. சூடு வேணாம்னு உங்க அக்கா சொல்லிட்டுப் போச்சே?"

அப்போது நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தப் பதிவிலேயே எனக்கு அதிகம் வெட்கம் தருவது அந்தப் பதில்தான். "அக்கா, மேக்னடைட்டோட காந்த சக்தி போகணும்னா ஐந்நூத்தி எண்பது டிகிரி சூடு வேணும். உங்க அடுப்புல அதுல பாதி கூட வராது. இது உங்களுக்குப் புரியாது, நான் புஸ்தகத்துல படிச்சிருக்கேன்."

நான் படித்தது உண்மைதான். காந்த சக்தி போவதற்கு அவ்வளவு சூடு வேண்டும். ஆனால் ஆபா கவலைப்பட்டது காந்த சக்தி போய்விடும் என்று இல்லை. அந்த இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு, காற்றோடு சேர்ந்த சூட்டில் இன்னொன்றையும் இழந்துவிடும் என்றுதான். அதை அவர் பேருந்துக் கண்ணாடியில் வரைந்து சொல்லி நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை.

மல்லிகா அக்கா, "வேணாம்னுதான் எனக்குத் தோணுது. அப்புறம் உன் இஷ்டம், படிச்ச பொண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்பில் சுள்ளி வைத்தார். நான் மணலைக் கொட்டிக் கரண்டியால் கிளறினேன். நீராவி போய், மணல் சட்டியில் சலசலத்தது. கறுப்பில் லேசாகப் பழுப்பு ஏறியதுபோல் இருந்தது. அடுப்பு வெளிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறியதும் காந்தத்தைக் காட்டினேன். முள்முள்ளாக அழகாக எழுந்தது. "பாத்தீங்களா?" என்றேன். என் கையில் இருந்த காந்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. வறுத்தால் உண்டாகும் பழுப்பு ஆக்சைடும் காந்தத்தில் ஒட்டக்கூடியதுதான் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டரை மணிக்கு ஆபா நனைந்துபோய் வந்தார். காய்ந்து பிரித்து வைத்த மணலைப் பார்த்து, "இந்தத் தூறல்லயா காஞ்சுது?" என்றார்.

"காத்துல காஞ்சிடுச்சு ஆபா."

மல்லிகா அக்கா டீ டம்ளர்களை அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அலசினார். 4.15 பேருந்தில் காவலூரிலிருந்து இறங்கினோம். வீட்டுக்கு ஆறரைக்கு வந்தோம். வழி முழுவதும் ஆபா என்னைப் பாராட்டினார்.

இதற்குப் பிறகு நடந்தது மலையில் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இரண்டாவது பயணம் புரியாது. ஆபா செய்யும் சோதனைக்குத் தேவையான எக்ஸ் கதிர் சாதாரணக் கருவியில் கிடைக்காது. எலக்ட்ரான்களை ஒரு பெரிய வட்டத்தில் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டு அதிலிருந்து எடுக்கிறார்கள். அந்த இடம் வடக்கே இருக்கிறது. விண்ணப்பம் எழுதி, ஏழு மாதம் காத்திருந்து, ஆபாவுக்கு மூன்று நாள் கிடைத்தது. அதில் ஒரு முழு நாளை எங்கள் ஓடை மணலுக்கு வைத்திருந்தார்.

டிசம்பரில் அங்கிருந்து வீடியோ அழைப்பில் வந்தார். கணினித் திரையைக் காட்டினார். மேடு இருந்தது. இரண்டாவது பள்ளம் இருந்தது. முதல் பள்ளம் தூர்ந்துபோயிருந்தது.

"மேல ஏறி நான் எடுத்த மணல்ல பள்ளம் நல்லா இருக்கு. கீழ எடுத்ததுல இல்ல. அரை கிலோமீட்டர் தூரத்துல அப்படி மாறாது. ஏதாவது சூடு பட்டுச்சா நூரா? கோபப்பட மாட்டேன், சொல்லு."

கோபப்பட மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகும் நான் சொன்னது இது: "நான் இல்ல ஆபா. அந்த அக்கா... நான் பாக்கறதுக்குள்ள சட்டியில கொட்டிட்டாங்க. உங்ககிட்ட சொல்லாதன்னு கெஞ்சுனாங்க."

கெஞ்சினார்கள் என்பதை நான் ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. அது தானாக வந்தது.

ஆபா பெருமூச்சு விட்டு, "சரி விடு, அவங்களுக்குத் தெரியாதுல்ல" என்றார். தன் ஆய்வுக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். நான் அந்த வாரமே இங்கே பதிவு எழுதினேன். முதலில் உண்மையை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான். நேராகவே பொய்யைத்தான் எழுதினேன், நன்றாகவும் எழுதினேன். உங்களில் பதினேழு பேர் கருத்துப் போட்டீர்கள். "பாவம், அந்த மக்களுக்கு அறிவியல் போய்ச் சேரவில்லை" என்று ஒருவர். "இப்படிப்பட்டவர்களிடம் மாதிரிகளை விட்டுவிட்டுப் போகலாமா?" என்று ஒருவர். நான் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னேன்.

இரண்டாவது பயணம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். வீணாய்ப்போன மணலுக்குப் பதிலாக ஆபா மறுபடி எடுக்க வேண்டும். அடுத்த முறை கருவி எப்போது கிடைக்கும் என்று தெரியாது, இருந்தாலும் மணல் தயாராக இருக்க வேண்டும். "நீயும் வா, உனக்கு இடம் தெரியும்" என்றார். வயிற்று வலி என்று சொல்லிப் பார்த்தேன். அம்மி ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதே 6.50 வண்டி. விடுமுறைக் கூட்டம், ஆலங்காயம் வரை நின்றுகொண்டே போனோம். காவலூர் வண்டி இருபது நிமிடம் தாமதம், ஷேர் ஆட்டோ ஐம்பது ரூபாய் ஆகியிருந்தது. வானம் சுத்தமாக இருந்தது. மலை முழுக்கப் புளியம்பழம் உலுக்கும் காலம் என்பதால் சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்திருந்தார்கள். போன முறையானால் இதையெல்லாம் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டிருப்பேன். இந்த முறை ஆபா எந்த வழியாக ஓடைக்குப் போவார் என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மல்லிகா அக்கா வீட்டுக்குப் போகாமல், போன் செய்து அனுமதி மட்டும் கேட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு ஓடையின் கீழ்ப்பக்கமாக இறங்கினார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் கேவலம் என்று தெரிந்தும் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு நான்காவது புட்டியை மூடும்போது மேலேயிருந்து குரல் கேட்டது. "இன்னா மேடம், வந்து ரெண்டு மணி நேரமாச்சாம். வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல? போன தபா என் டீ புடிக்கலியா?"

மல்லிகா அக்கா இறங்கி வந்தார். கையெல்லாம் புளி நார் ஒட்டியிருந்தது.

ஆபா எழுந்து நின்றார். "அப்படியெல்லாம் இல்லீங்க. போன தடவ மணல் சூடு பட்டு வீணாப்போச்சு. உங்க மேல ஒண்ணும் தப்பில்ல, நான்தான் சரியா விளக்கிச் சொல்லல. அதான் இந்தத் தடவ ஈரத்தோடவே எடுத்துட்டுப் போயிடலாம்னு."

"என் மேல தப்பில்லன்னு எதுக்குச் சொல்றீங்க? தப்புன்னு சொன்னது யாரு?"

ஆபா என்னைத் திரும்பிப் பார்த்தார். மல்லிகா அக்காவும் பார்த்தார். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. அதில் நான் குனிந்து எதையோ தேடுவதுபோல் நின்றேன்.

"நீ சொல்லு பாப்பா. நல்லா பேசுவியே. டிகிரி கணக்குலாம் சொன்னியே அன்னிக்கி."

மல்லிகா அக்கா அவராகவே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்று நினைத்துப் பார்க்கிறேன். மறுத்திருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"நான்தான் வறுத்தேன் ஆபா" என்றேன். "அவங்க வேணாம்னு சொன்னாங்க. சட்டியையும் நான்தான் கேட்டு வாங்கினேன். கெஞ்சுனாங்கன்னு சொன்னதும் பொய்."

"நான் கெஞ்சுனேனா?" என்றார் மல்லிகா அக்கா. "ஆர்கிட்ட? இதுகிட்டயா?"

ஆபா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பாறையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேள்வி கேட்கத் தொடங்கினார். எத்தனை நிமிடம்? எவ்வளவு மணல்? கிளறினாயா? எனக்குப் பாதி நினைவில்லை. மல்லிகா அக்காதான் சொன்னார்: "ரெண்டு தபா சுள்ளி வெச்சேன். அரிசி ஒல கொதிக்கற நேரம் இருக்கும், அதுக்கு மேல இல்ல. ரெண்டு கையளவு மண்ணு."

ஆபாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. சுத்தமான பாத்திரத்தில் இன்ன நேரம் சூடேற்றியது என்று தெரிந்தால், அந்த அளவீட்டை ஒரு சூட்டுச் சோதனையாகவாவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். "என்ன சட்டிங்க அது? அலுமினியமா?"

"இரும்புச் சட்டி மேடம். துரு ஏறிக் கெடந்துச்சு. தேச்சுத் தரேன்னேன், இது கேக்கல, அவசரம்."

ஆபா பேனாவை மூடினார். சட்டியின் துருவும் இரும்புதான். கருவி பார்த்தது மணலின் இரும்பையா, சட்டியின் இரும்பையா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. "அப்ப அது எதுக்கும் ஆகாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு முழு நாள் அளவீடு அந்த ஒரு வரியில் போய்விட்டது.

"நான் புதுச் சட்டி வாங்கித் தரேன் அக்கா" என்றேன். ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.

"சட்டி கெடக்குது. அதுல கொட்ட வறுத்தா பல்லுல நறநறன்னுதுன்னு எங்கூட்டுக்காரரு அத்த அப்பவே கடாசிட்டாரு." மல்லிகா அக்கா குறிப்பேட்டைக் கைகாட்டினார். "மேடம், என்னப் பத்தி இதுல எழுதிக்கீதா?"

ஆபா தயங்கிவிட்டு, ஆமாம் என்று அந்தப் பக்கத்தைப் புரட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. "படி" என்று குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். "தமிழ்ல சொல்லு அவங்களுக்கு."

"முதல் இடத்து மணல்... உள்ளூர்ப் பெண் ஒருவர்... சட்டியில் சூடேற்றிவிட்டார்..." அதற்கு அடுத்து ஒரு சொல் இருந்தது. அதைத் 'தெரியாமல்' என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். 'கவனிக்காமல்' என்று சொன்னாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் என் பதிவில் நான் அதே சொல்லை நல்ல தமிழில் எழுதியிருந்தேன். "அறியாமையால்" என்றேன்.

"அப்படின்னா இன்னா?"

"ஒண்ணும் தெரியாததால."

மல்லிகா அக்கா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "எனக்கா தெரியாது? சூடு காட்டாதன்னு உங்க அக்கா சொன்னது எனக்கு நெனப்புல கீது. கூடவே நின்ன உனக்கு நெனப்புல இல்ல. இதுல ஆருக்குத் தெரியாது?" பிறகு ஆபாவிடம், "அத்த அடிங்க மேடம்" என்றார்.

ஆபா விளக்கினார். ஆய்வுக் குறிப்பேட்டில் எதையும் அழிக்க மாட்டார்கள், கிழிக்க மாட்டார்கள், மை பூச மாட்டார்கள். தவறான வரியின் மேல் ஒரே ஒரு கோடு போடுவார்கள், கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

"அப்ப அந்த எழுத்து அப்படியேதான் கெடக்கும்?"

"கெடக்கும். பொய் சொன்னது யாருன்னும் பக்கத்துலயே கெடக்கும்."

மல்லிகா அக்கா யோசித்தார். "சரி, இது கையாலயே எழுதட்டும். தமிழ்ல. நான் படிக்கணும்."

கோடு போட்டேன். அதன் பக்கத்தில், மணலை வறுத்தது நான், நிலத்தின் சொந்தக்காரர் மல்லிகா வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார், பழியை அவர் மேல் போட்டதும் நான் என்று எழுதினேன். எழுத்து சிறுத்துப்போனது.

"பெருசா எழுது" என்றார் மல்லிகா அக்கா. "எறும்பு மாதிரி எழுதி ஏமாத்தாத."

பெரிதாக எழுதினேன். அவர் குனிந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். தன் பெயரில் 'ல்' விட்டுப்போயிருந்ததைக் காட்டினார், திருத்தினேன். அதற்குப் பிறகுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஆபாவிடம், "அடுத்த தபா மேல் வழியாவே வாங்க மேடம், இந்தப் பக்கம் பாறை வழுக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அன்று எங்களுக்கு டீ இல்லை. 2.30க்குக் காவலூர் வந்து, கிடைத்த வண்டியில் திரும்பினோம். ஆபா ஆலங்காயத்தில் இறங்கியதும், "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்று மட்டும் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன். வாணியம்பாடியிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம், ஒரு ஆளுக்கு இருநூறு ரூபாய் போதும். மாலை நான்கு மணிக்குள் காவலூருக்கு வந்துவிடுங்கள், அதற்குமேல் வண்டியை நம்ப முடியாது. வானாய்வகத்தைப் பார்க்க வேண்டுமானால் எந்த நாளில் விடுவார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கல்லோ மணலோ எடுப்பதானால் காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதி வேண்டும், பட்டா நிலத்தில் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். ஈர மணலை ஈரத்தோடேயே மூடிக் கொண்டுவாருங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. உங்களோடு இருந்தவரின் பெயரையும் அவர் சொன்னதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு எழுதினால் நமக்குச் சாதகமாகத்தான் வரும். மல்லிகா அக்காவைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம். அவருக்கு வேலை இருக்கிறது. அதனால்தான் ஊரின் பெயர் இங்கே இல்லை.

பழைய பதிவை நான் நீக்கவில்லை. அந்த வரியின் மேல் கோடு போட்டு, கீழே உண்மையை எழுதியிருக்கிறேன். கருத்துப் போட்ட பதினேழு பேருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பினேன். ஒன்பது பேர் திருப்பி எழுதினார்கள். அந்த மக்களுக்கு அறிவியல் போய்ச் சேரவில்லை என்று அன்று எழுதியவர் இப்போது எனக்கு எழுதியிருக்கிறார்: "பரவாயில்லை கண்ணு, சின்னப் பெண்தானே, தெரியாமல் செய்துவிட்டாய்."

ஐயா, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் நான் தெரியாமல் செய்யவில்லை. செய்யாதே என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் அதை நினைவுபடுத்தினார், இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். மல்லிகா அக்காவைப் பற்றி நீங்கள் எழுதிய கருத்து இன்னும் அங்கேயே இருக்கிறது. அதன் மேல் என்னால் கோடு போட முடியாது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.